எகிப்தின் கடனை வைத்து ஏகாதிபத்தியக் கோட்பாடுகளை உரசிப் பார்த்தால்

கேள்வி இது: "லெனினின் 'ஏகாதிபத்தியம்' படித்துவிட்டேன். ரோசா லக்சம்பர்க் வேறு காரணம் சொல்கிறார், காவுட்ஸ்கி வேறு முடிவுக்குப் போகிறார், பின்னால் வந்த சார்புநிலைக் கோட்பாட்டாளர்கள் இன்னொன்று சொல்கிறார்கள். எல்லோருமே மார்க்சியர்கள்தான். யார் சொல்வது சரி?"

யார் சரி என்று பார்ப்பதற்கு முன்னால், யார் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார்கள் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இங்கே மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. முதலாளித்துவம் ஏன் தன் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது? இது ஜெர்மனியில் இயங்கிய புரட்சியாளர் லக்சம்பர்க்கின் கேள்வி. வல்லரசுகள் ஏன் ஒன்றோடொன்று போருக்குப் போகின்றன? இது ரஷ்யப் புரட்சியாளர்கள் லெனின், புகாரின், ஜெர்மன் சோஷலிஸ்ட் காவுட்ஸ்கி மூவரின் கேள்வி. ஏழை நாடுகள் ஏன் ஏழையாகவே கிடக்கின்றன? இது 1950களுக்குப் பிறகு பால் பாரன், குந்தர் ஃபிராங்க், சமீர் அமீன் போன்ற சார்புநிலைக் கோட்பாட்டாளர்கள் எழுப்பிய கேள்வி. படிப்பு வட்டங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது, இரண்டாம் கேள்விக்கான விடையை எடுத்து மூன்றாம் கேள்விக்குப் போட்டுவிட்டு, விடை பொருந்தவில்லையே என்று குழம்புவதுதான்.

தமிழில் இந்தக் குழப்பத்துக்குச் சொல்லே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஏக ஆதிபத்தியம், அதாவது ஒருவர் மட்டும் ஆள்வது. மேடைகளில் இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனதில் ஒரே ஒரு நாடு வருகிறது, பெரும்பாலும் அமெரிக்கா. ஆனால் லெனினின் நூலில் மையமான விஷயம் பலர் போட்டியிடுவது. ஒரே ஒரு வல்லரசு எல்லாவற்றையும் ஆண்டால் அவருடைய வாதத்துக்கே வேலை இல்லை.

கோட்பாடுகளை வரிசையாக ஒப்பிப்பதைவிட ஒரு நிகழ்வை நடுவில் வைத்து ஒவ்வொன்றையும் அதில் உரசிப் பார்க்கலாம். நான் எப்போதும் எடுத்துக்கொள்வது எகிப்து.

1854-இல் எகிப்தின் ஆட்சியாளர் சயீத், சூயஸ் கால்வாய் வெட்டும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர் லெசெப்சுக்குக் கொடுக்கிறார். மண் வெட்ட விவசாயிகளைக் கட்டாய வேலைக்கு அனுப்புவதாகவும் ஒப்பந்தம். 1863-இல் பதவிக்கு வந்த இஸ்மாயில் கட்டாய வேலையை நிறுத்தவும் கொடுத்த நிலத்தின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறவும் பார்த்தபோது விவகாரம் மூன்றாம் நெப்போலியனின் நடுவர் தீர்ப்புக்குப் போனது. கால்வாய் கம்பெனிக்கு எகிப்து 8 கோடியே 40 லட்சம் ஃபிராங்க் நஷ்டஈடு தர வேண்டும் என்று 1864-இல் தீர்ப்பு. தன் மக்களின் கட்டாய உழைப்பைத் தர மறுத்ததற்கும் நிலத்தைத் திரும்பக் கேட்டதற்கும் ஒரு நாடு அபராதம் கட்டியது. அதே நேரம் அமெரிக்க உள்நாட்டுப் போரால் எகிப்தின் பருத்திக்கு விலை எகிறியது. கால்வாய், ரயில், கரும்பாலை, நீராவிப் பம்பு என்று எல்லாவற்றுக்கும் லண்டனிலும் பாரிசிலும் கடன். அந்தக் கடனைக் கொண்டே லண்டனிலும் பாரிசிலும் இயந்திரம் வாங்கினார்கள். பிறகு பருத்தி விலை விழுந்தது. பழைய கடனுக்கு வட்டி கட்டப் புதிய கடன் வாங்கினார்கள். 1873-இல் எழுதிக்கொடுத்தது 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு. கைக்கு வந்தது சுமார் 2 கோடிதான். 1863-இல் 30 லட்சம் பவுண்டு அளவில் இருந்த கடன் 1876-இல் 9 கோடியைத் தாண்டியிருந்தது. நடுவில் 1875-இல் எகிப்து ஆட்சியாளரின் கால்வாய்ப் பங்குகளைப் பிரிட்டிஷ் அரசு 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. 1876-இல் எகிப்து திவால். கடன்காரர்களின் சார்பில் ஐரோப்பிய அரசுகள் ஒரு பொதுக் கடன் ஆணையத்தை அங்கே உட்காரவைத்து வரி வருமானத்தைப் பிடித்துக்கொண்டன. 1879-இல் இஸ்மாயில் இறக்கப்பட்டார். எகிப்தியப் படை அதிகாரி உராபி பாஷா தலைமையில் எழுச்சி வந்தது. 1882 ஜூலையில் பிரிட்டிஷ் கப்பற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தகர்த்தது, செப்டம்பரில் நாடே அவர்கள் கையில்.

இந்தக் கதையை மார்க்சியர்களில் முதலில் ஆழமாக எழுதியவர் லக்சம்பர்க். 1913-இல் வந்த 'மூலதனத் திரட்சி' நூலின் கடைசிப் பகுதியில், சர்வதேசக் கடன்கள் பற்றிய அத்தியாயத்தில் இது வருகிறது. 1907 முதல் பெர்லினில் ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் பள்ளியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு இடம் இடித்தது. முதலாளித்துவ உற்பத்தி ஆண்டுக்கு ஆண்டு எப்படிப் பெருகுகிறது என்று மார்க்ஸ் 'மூலதனம்' இரண்டாம் தொகுதியில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். தொழிலாளியின் கூலி ஒரு பகுதிப் பொருளை வாங்குகிறது, முதலாளியின் சொந்தச் செலவு இன்னொரு பகுதியை. மறுபடி முதலீடு செய்வதற்காக ஒதுக்கிய உபரி மதிப்பு, அதாவது தொழிலாளி தன் கூலிக்கு மேல் உருவாக்கியது, அடங்கிய பொருளை யார் வாங்குகிறார்கள்? உள்ளேயே இருக்கும் யாரும் இல்லை, வெளியே முதலாளித்துவத்துக்கு ஆட்படாத உலகம் இருந்தால்தான் அது விற்கும் என்றார். கைவினைஞர், குடியானவர், கூட்டு நிலம் வைத்திருக்கும் சமூகம் எல்லாம் அந்த வெளி. அதைத் தின்றுகொண்டே முதலாளித்துவம் வளர்கிறது, தின்று முடித்தால் தானும் முடியும்.

கணக்கு தவறு. முதலாளிகளே ஒருவருக்கொருவர் வாங்குபவர்கள், புதிதாக வேலைக்கு எடுக்கப்படும் தொழிலாளர்களும் வாங்குபவர்கள் என்பதை அவர் தள்ளிவைத்துவிட்டார். மொத்த முதலாளி வர்க்கத்தையும் ஒரே நபராக நினைத்து, அந்த நபர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விற்றுப் பணமாக்க வேண்டும் என்பதுபோலக் கேட்டார். 1920களின் நடுவில் புகாரின் இதைப் பிரித்துக் காட்டினார், அந்த விமர்சனத்தில் பெரும்பகுதி நிற்கிறது. நெருக்கடி வரும், வந்துகொண்டே இருக்கும், ஆனால் வெளி தீர்ந்ததால் கணக்கே நின்றுபோகும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஆனாலும் லெனின், காவுட்ஸ்கி, லக்சம்பர்க் மூவரில் எகிப்தைச் சரியாகப் பார்த்தவர் லக்சம்பர்க்தான். அவர் காட்டுவது இது: லண்டனில் திரண்ட பணம் கடனாகப் போகிறது, ஐரோப்பிய இயந்திரமாகத் திரும்புகிறது, வட்டியோ நைல் கரைக் குடியானவனின் வரியிலிருந்து வருகிறது. குடியானவன் கூலித் தொழிலாளியாக மாறவே இல்லை, முதலாளித்துவ முறையில் உழைக்கவே இல்லை, ஆனாலும் அவன் வியர்வை லண்டனில் லாபமாகிறது. நடுவில் நிற்பது அரசும் சாட்டையும் பீரங்கியும். ஆதித் திரட்டல் என்று மார்க்ஸ் முதலாளித்துவத்தின் பிறப்பில் வைத்த வன்முறை, அதன் ஆயுள் முழுக்கத் தொடர்கிறது என்பது லக்சம்பர்க்கின் பெரிய பங்களிப்பு. 2003-இல் மார்க்சியப் புவியியலாளர் டேவிட் ஹார்வி உடைமைப் பறிப்பின் மூலம் திரட்டல் என்று சொன்னது இந்த இழையைத்தான். லக்சம்பர்க் 1919 ஜனவரியில் கொல்லப்படாமல் இருந்திருந்தால் புகாரினுக்கு என்ன பதில் சொல்லியிருப்பார் என்று எனக்கு இன்னும் ஏக்கமாக இருக்கும்.

சரி, லெனின். அவர் 1916-இல் ஜூரிச் நகரில் இருந்துகொண்டு எழுதினார், 1917-இல் பெத்ரோகிராதில் வெளியானது. இரண்டு பேரிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டார், மறைக்கவும் இல்லை. ஒருவர் 1902-இல் எழுதிய ஆங்கிலேயத் தாராளவாதி ஹாப்சன், மார்க்சியர் அல்ல. மற்றவர் 1910-இல் 'நிதி மூலதனம்' எழுதிய ஆஸ்திரிய மார்க்சியர் ஹில்ஃபர்டிங். வங்கியும் தொழிலும் ஒன்றாகி ஏகபோகமாவதும், அது காப்பு வரியும் வெளிச்சந்தையும் அரசின் படைபலமும் கேட்பதும் ஹில்ஃபர்டிங் சொன்னவை. அவர் மனதில் இருந்தது ஜெர்மனியும் ஆஸ்திரியாவும்.

நூலின் முன்னுரையில் லெனின் சொல்லும் ஒரு விஷயத்தைப் பலர் தாண்டிப்போய்விடுகிறார்கள். ஜாரின் தணிக்கைக்குப் பயந்து, நாடு பிடிப்பதற்கு உதாரணமாக ஜப்பானையும் கொரியாவையும் போட்டேன், ஜப்பான் இருக்கும் இடத்தில் ரஷ்யாவையும் கொரியா இருக்கும் இடத்தில் பின்லாந்து, போலந்து, உக்ரைன் போன்றவற்றையும் வைத்துப் படியுங்கள் என்கிறார். தேசிய இனங்களின் சுயநிர்ணயம் பற்றி அவர் அதே ஆண்டுகளில் எழுதியதோடு சேர்த்துப் படித்தால்தான் அந்தச் சிறு நூல் முழுமையாகிறது.

அவருடைய வாதத்தின் முதுகெலும்பு, ஏகாதிபத்தியத்தின் அடையாளங்களாக அவர் பட்டியலிட்டு எல்லோரும் மனப்பாடம் செய்யும் ஐந்து அம்சங்கள் அல்ல என்பது என் கருத்து. முதுகெலும்பு, ஏற்றத்தாழ்வான வளர்ச்சி. உலகம் ஒருமுறை பங்குபோடப்பட்டுவிட்டது. அந்தப் பங்கு அன்றைய பலத்துக்கு ஏற்ற பங்கு. அரை நூற்றாண்டில் ஜெர்மனி பிரிட்டனை எட்டிப்பிடிக்கிறது, ஜப்பான் ரஷ்யாவை. பலம் மாறிவிட்டது, பங்கு மாறவில்லை. மறுபங்கீட்டுக்கு அவர்களிடம் இருக்கும் வழி போர். புகாரின் 1915-லேயே இதன் இன்னொரு பக்கத்தைச் சொல்லிவிட்டார்: உலகப் பொருளாதாரம் ஒன்றாகிக்கொண்டே போகும்போது, ஒவ்வொரு நாட்டு மூலதனமும் தன் அரசோடு ஒட்டிப்போகிறது, இந்த இரண்டு இழுப்புகளும் சேர்ந்து கிழிப்பதுதான் போர்.

1914-இன் போரை விளக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. ஆனால் எகிப்தில் உரசினால்? கடன் வந்ததும் நாடு போனதும் 1882-க்குள் முடிந்துவிட்டது. லெனினே ஏகபோகக் கட்டம் 1900-ஐ ஒட்டித் தொடங்குவதாகச் சொல்கிறார். ஆப்பிரிக்காவைப் பங்குபோட விதி வகுத்த பெர்லின் மாநாடு 1884-85. பங்கீட்டின் பெரும்பகுதி காரணம் என்று சொல்லப்படும் கட்டத்துக்கு முன்பே நடந்துவிட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு. பிரிட்டன்தான் பெரிய மூலதன ஏற்றுமதியாளர், ஆனால் அங்கே வங்கியும் தொழிலும் ஹில்ஃபர்டிங் சொன்னபடி ஒன்றாகவில்லை. அந்த இணைப்பு நடந்த ஜெர்மனி பிரிட்டன் அளவுக்கு மூலதனம் ஏற்றுமதி செய்யவில்லை. பிரிட்டிஷ் மூலதனத்தின் பெரும்பங்கு புதிதாகப் பிடித்த ஆப்பிரிக்காவுக்குப் போகாமல் அமெரிக்கா, கனடா, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியாவுக்குப் போனது. ஆகவே நான் லெனினை 1914-க்கான விளக்கமாகவே படிக்கிறேன். எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் வரையறையாக அதை மாற்றியது பின்னால் வந்தவர்கள்.

காவுட்ஸ்கியை நம் ஊர் இடதுசாரி மரபில் துரோகி என்ற ஒற்றைச் சொல்லோடு மூடிவைத்துவிடுகிறோம். 1914-இல் ஜெர்மன் அரசின் போர்க் கடன்களுக்கு அவருடைய சமூக ஜனநாயகக் கட்சி வாக்களித்தபோது அவர் நடந்துகொண்ட விதத்தை நானும் மன்னிக்க மாட்டேன். ஆனால் அவருடைய வாதம் தனியாகப் பார்க்கத் தகுந்தது. 1914 செப்டம்பரில் அச்சான கட்டுரையில் அவர் சொன்னது, கம்பெனிகள் போட்டியிட்டுக் களைத்து, விலையையும் சந்தையையும் பேசிவைத்துக்கொள்ளும் கார்ட்டெல் அமைப்பதுபோல, வல்லரசுகளும் ஒன்றுசேர்ந்து உலகைக் கூட்டாகச் சுரண்டலாம் என்று. அதை அதீத ஏகாதிபத்தியம் என்றார்.

எகிப்தின் கடன் ஆணையத்தைப் பாருங்கள். பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியா என்று பல நாட்டுப் பிரதிநிதிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு நாட்டின் வருவாயைப் பிரித்துக்கொள்கிறார்கள். காவுட்ஸ்கி சொன்னது அப்படியே நடந்திருக்கிறது, அவர் எழுதுவதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்பே. ஆனால் ஆறே ஆண்டில் பிரிட்டன் தனியாக உள்ளே நுழைந்தது. 1898-இல் நைல் கரையில் உள்ள ஃபஷோடாவில் பிரிட்டனும் பிரான்சும் போரின் விளிம்புவரை போயின. 1904-இல் எகிப்து உனக்கு, மொராக்கோ எனக்கு என்று சமாதானம். அந்தச் சமாதானமே ஜெர்மனிக்கு எதிரான அணியாகி 1914-இல் போய் முடிந்தது. கூட்டுகள் எல்லாம் இரண்டு போர்களுக்கு இடையிலான இளைப்பாறல் என்று லெனின் காவுட்ஸ்கிக்குக் கொடுத்த பதில் இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது.

ஆனால் 1945-க்குப் பிறகு? பணக்கார முதலாளித்துவ நாடுகள் தங்களுக்குள் போரிடவில்லை. 1956-இல் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதும் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுத்தன. அவற்றைத் திருப்பி அனுப்பியது அமெரிக்கா; பவுண்டு சரிந்துகொண்டிருந்தபோது பிரிட்டன் சர்வதேச நாணய நிதியத்திடம் பணம் எடுப்பதைத் தடுத்துவைத்து, படையை விலக்கு என்றது. பழைய போட்டியாளர்கள் ஒரு புதிய தலைமைக்குக் கீழே வந்துவிட்டார்கள். கனடிய மார்க்சியர்கள் லியோ பானிட்சும் சாம் கிண்டினும் இதைத்தான் விரித்தார்கள்: சமமானவர்களின் கூட்டாக அல்லாமல், மற்ற பணக்கார அரசுகளையே அமெரிக்க அரசு தன் ஒழுங்குக்குள் மறுவார்ப்பு செய்தது என்று. இன்றைக்குச் சீனா எழுந்து நிற்பதைப் பார்க்கும்போது ஏற்றத்தாழ்வான வளர்ச்சி மறுபடி கதவைத் தட்டுகிறது. முழுக்க லெனின் பக்கம் சாயவும் தயக்கமாக இருக்கிறது, காவுட்ஸ்கியை முழுக்கத் தள்ளவும் முடியவில்லை.

அப்புறம் மூன்றாம் கேள்வி. இது 1950களில் திடீரென்று முளைக்கவில்லை. 1920-இல் உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் அமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாம் காங்கிரசில் இந்தியக் கம்யூனிஸ்ட் எம்.என்.ராய், காலனிகளிலிருந்து வரும் மிகைலாபம் நிற்காமல் ஐரோப்பாவில் புரட்சி வெல்லாது என்று வாதாடினார். லெனின் அந்த வரைவைத் திருத்தினார், இருவரின் ஆய்வுரைகளும் ஏற்கப்பட்டன. போரைப் பற்றிய கோட்பாடு ஏழை நாட்டைப் பற்றிய கோட்பாடாகத் திரும்பத் தொடங்கியது அந்த அறையில்தான்.

1957-இல் பாரன், உபரி வெளியே உறிஞ்சப்படுவதால்தான் வளர்ச்சி முடங்குகிறது என்றார். ஃபிராங்க் ஒரு படி மேலே போய், பின்தங்கிய நிலை பழமையின் மிச்சம் அல்ல, முதலாளித்துவமே உற்பத்தி செய்வது என்றார். சூயஸ் கால்வாயின் வாசலில் இருக்கும் போர்ட் சயீதில் வளர்ந்த சமீர் அமீன் இதை உலக அளவில் பணக்கார மையம், அதற்கு உபரியை இழக்கும் விளிம்பு என்று வடித்தார். ஃபிராங்கின் பலவீனத்தை 1977-இல் வரலாற்றாளர் ராபர்ட் பிரென்னர் சரியாகவே பிடித்தார்: எல்லாவற்றையும் சந்தைத் தொடர்பாகப் பார்த்தால் உள்ளூரில் யார் நிலம் வைத்திருக்கிறான், யார் யாரைச் சுரண்டுகிறான் என்பது மறைந்துபோகிறது. எகிப்திலும் வரிச்சுமையில் நிலத்தை இழந்த குடியானவனுக்குப் பக்கத்திலேயே பெரும் பண்ணைகளைச் சேர்த்துக்கொண்ட பாஷாக்கள் இருந்தார்கள்.

பொருளியலாளர் அர்கிரி இம்மானுவேல் 1969-இல் சமனற்ற பரிவர்த்தனை என்று சொன்னதைத் திருப்பூரை வைத்துப் புரிந்துகொள்ளலாம். அதே தையல் இயந்திரம், அதே வேகம், ஆனால் பணக்கார நாட்டைவிடக் கூலி பல மடங்கு குறைவு. அதனால் நம் பல மணி நேர உழைப்பு அங்கே சில மணி நேர உழைப்புக்கு மாறுகிறது. வணிகத்திலேயே மதிப்பு கைமாறிவிடுவதால் படை அனுப்பத் தேவையில்லை. 2013-இல் டாக்கா அருகே ஆடை ஆலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் செத்த பிறகு ஜான் ஸ்மித் இந்த வாதத்தைப் புதுப்பித்தார்.

எதிர்ப்பக்கத்தில் பிரிட்டிஷ் மார்க்சியர் பில் வாரன். 1973-இல் அவர் சொன்னது மார்க்சியர்களுக்கு அதிர்ச்சி: ஏகாதிபத்தியம் ஏழை நாடுகளில் முதலாளித்துவத்தை வளர்க்கிறது, அது முன்னேற்றம்தான். 1853-இல் இந்தியாவைப் பற்றி மார்க்ஸ் எழுதிய கட்டுரைகளை அவர் துணைக்கு அழைத்தார். தென் கொரியாவும் தைவானும் பின்னாளில் சீனாவும் வளர்ந்ததைப் பார்த்தால், முடங்கியே கிடக்கும் என்ற கூற்றைவிட வாரன் நெருங்கி வந்தார் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் காலனி ஆட்சியைப் பற்றி அவர் சொன்னதை நான் ஏற்க முடியாது. 1896-இல் இந்திய ஆலைத் துணிக்கு 3.5 சதவீத உள்நாட்டு வரி போட்டார்கள், இறக்குமதித் துணிக்குப் போட்ட அதே அளவு, மான்செஸ்டருக்குப் போட்டி வரக்கூடாது என்பதற்காக. 1901-இல் எகிப்தில் பிரிட்டனின் பிரதிநிதியாக ஆண்ட குரோமர் பிரபு அங்கே நெய்யும் பருத்தித் துணிக்கு 8 சதவீதம் போட்டார். தொழில் வளர்ப்பவன் செய்யும் வேலை இல்லை இது. மார்க்சும் 1881-இல் ஒரு கடிதத்தில், இந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் ஈடில்லாமல் போவதை இரத்தம் உறிஞ்சுவது என்றே எழுதினார்.

அந்த உறிஞ்சல் எப்படி நடந்தது என்பதை இந்தியப் பொருளியலாளர்கள் உத்சா பட்நாயக்கும் பிரபாத் பட்நாயக்கும் விளக்கும் இடம் எனக்கு மிகப் பிடித்தது. இந்தியச் சரக்கை வாங்கும் வெளிநாட்டு வியாபாரி லண்டனில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சரிடம் பவுண்டு கொடுத்து கவுன்சில் பில் வாங்குவான். அந்தப் பில்லுக்கு இந்தியாவில் ரூபாய் கிடைக்கும். அந்த ரூபாய் இந்திய வரிப்பணம். ஆக, கோதுமையும் பருத்தியும் விளைவித்த விவசாயிக்கு விலை கிடைத்தது அவன் கட்டிய வரியிலிருந்தே; அவன் சம்பாதித்த பவுண்டு லண்டனிலேயே தங்கிவிட்டது. நேரில் ஒரு கொள்ளையும் தெரியாது, எல்லாம் சாதாரண வியாபாரம்போலத் தோன்றும். இன்றும் அதே போக்கு வேறு வடிவில் தொடர்கிறது என்பது இவர்கள் கட்சி. கிழக்கிலிருந்து மேற்கே போன செல்வத்தின் ஓட்டம் கடந்த சில பத்தாண்டுகளில் பெரும்பாலும் திசைமாறிவிட்டது என்பது ஹார்வி கட்சி. சீனாவை மட்டும் பார்த்தால் ஹார்வி சொல்வது பொருந்தும், டாக்காவைப் பார்த்தால் பொருந்தாது.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிக்கடனைக் கட்ட முடியாமல் நிறுத்தியபோது எனக்கு 1876 நினைவுக்கு வந்தது. மறுபடியும் கடன்காரர்களின் ஒரு குழு. ஆனால் இந்த முறை அதன் இணைத்தலைமையில் பிரான்சுக்கும் ஜப்பானுக்கும் பக்கத்தில் இந்தியா உட்கார்ந்திருந்தது. சீனா வெளியே நின்று தனியாகப் பேசியது. மையம், விளிம்பு என்ற வரைபடத்தில் இந்தியாவை எங்கே வைப்பது? இதற்கு அமீனைவிட, பிரேசிலை வைத்துத் துணை ஏகாதிபத்தியம், அதாவது மையத்துக்குக் கீழ்ப்பட்டிருந்தே தன் வட்டாரத்தில் ஆதிக்கம் செலுத்துவது, என்று பேசிய ருய் மவ்ரோ மரினி கூடுதலாக உதவுவார் என்று தோன்றுகிறது.

நீங்கள் லெனினை முடித்துவிட்டதாகச் சொன்னீர்கள். அடுத்து லக்சம்பர்க் நூலின் கடைசிப் பகுதியை மட்டும் எடுங்கள், மறு உற்பத்திக் கணக்கு வரும் முதல் பகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதைப் படித்த கையோடு காவுட்ஸ்கியின் கட்டுரையைப் படியுங்கள், சிறியதுதான். அதன் பிறகு லெனினின் ஒன்பதாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள். காவுட்ஸ்கியோடு அவர் போடும் சண்டையில் எந்த வரி எங்கே போய் அடிக்கிறது என்பது இப்போது தெரியும்.